ஐந்து காதத் தொட்டில் கயிறு

ஒரு கைக்குழந்தையின் அரை நாழிகைத் தூக்கம் என்ன விலை என்று கேட்டால், ஐந்து காதம் தேங்காய்நார்க் கயிறு, நூற்றைம்பது ஆள், ஒரு மந்திரியின் பட்டு அங்கவஸ்திரம். இதற்குக் கீழே பேரம் படியாது. மேற்கொண்டு ஓர் அரசரின் வீம்பையும் இறக்கி வைக்க வேண்டும். வீம்பை நிறுக்கத் தராசு கிடையாது என்பதால் அதை விலையில் சேர்க்கவில்லை.

அந்த விலையைக் கொடுத்து வாங்கியவர் பன்னிரண்டு நாடுகளைச் சேர்த்து ஆண்டவர். முன்னே, வெகு முன்னே, ஒரு படி உப்புக்கு ஒரு படி நெல்லை மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பன்னிரண்டு நாட்டுக்கும் நாட்டுக்கொரு சபை உண்டு. எந்த மடையை என்றைக்குத் திறப்பது, எந்தக் கிழமை சந்தை கூட்டுவது, எந்த வரப்பு யாருடையது என்பதெல்லாம் சபையின் பேச்சு. படை, எல்லை, பெருவழி இவையெல்லாம் அரசரின் பேச்சு. பரம்பரையாக இப்படித்தான் நடந்துவந்தது. யாரும் எதையும் ஓலையில் எழுதி வைக்கவில்லை. வாய்ப்பேச்சில் முடித்த வியாபாரம் என்றாவது ஒருநாள் வழக்கில் வந்து நிற்கும் என்று கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அரண்மனையில் யாரும் கேட்கவில்லை.

அரசர் நல்லவர். இரக்கம் உள்ளவர். ஒரே ஒரு குறை, தம் கண்முன் நடக்காத காரியம் நடக்கவே இல்லை என்று நினைப்பார். அந்தக் குறைக்குத் தினமும் எண்ணெய் ஊற்றி வளர்த்தவர் பெரிய மந்திரி திருமேனியார். பன்னிரண்டு நாட்டையும் தம் அறையில் உட்கார்ந்தபடியே நடத்த வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

முந்தின வருஷம் அந்த ஆசையில் ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்தார். "பன்னிரண்டு நாட்டுச் சந்தையும் இனி வெள்ளிக்கிழமை மட்டும்" என்று ஆணை போட்டார். ஒரே நாளில் எல்லாம் கூடினால் பார்க்க ஒழுங்காக இருக்குமாம். உப்பு வியாபாரிக்கோ இருப்பது ஒரு கழுதை. அது ஒரு வெள்ளிக்கிழமையில் ஒரு சந்தைக்குத்தான் போகும். ஒரு சந்தையில் உப்பு குவிந்து கிடந்தது, பதினொரு சந்தைக்காரர்கள் சப்பென்று சாப்பிட்டார்கள். அரசருக்கு இதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. அரசவை விகடன் சாத்தப்பன் வாயைத் திறக்காமலே சொன்னான். சமையற்கட்டுக்குப் போய், அன்றைய பன்னிரண்டு பதார்த்தத்துக்கான உப்பையும் ஒரே கத்தரிக்காய்க் கூட்டில் கொட்டச் செய்தான். அரசர் முதல் கவளத்தில் முகத்தைச் சுளித்தார், இரண்டாம் கவளத்தில் விஷயம் புரிந்து சிரித்தார். சந்தைகள் பழைய கிழமைகளுக்குத் திரும்பின.

அன்றிலிருந்து சாத்தப்பனைக் கண்டால் திருமேனியாருக்கு வயிற்றெரிச்சல்.

மறு வருஷம் அரசி பூங்கோதைக்குத் தலைப்பிரசவம். வழக்கப்படி பிறந்த வீட்டுக்குப் போனார். பிறந்த வீடு ஐந்து காதத்துக்கு அப்பால், மேல்கரை நாட்டில். அரசியின் அண்ணன் உலகநம்பிதான் அந்த நாட்டுச் சபையின் தலைவர். பெண் குழந்தை பிறந்தது. பதினோராம் நாள் அரசர் பார்க்கப் போனார்.

போன இடத்தில் குழந்தை அழுதது. அரசர் ஆசையோடு தொட்டில் கயிற்றைப் பிடித்து இழுத்தார். மதயானையின் சங்கிலியை இழுத்துப் பழகிய கை அது. தொட்டில் விட்டத்தை முட்டப் போயிற்று. உலகநம்பி பாய்ந்து கயிற்றை வாங்கிக்கொண்டார்.

"மாப்பிள்ளே, மெள்ள, மெள்ள! இது தேர் இல்லே, தொட்டில். விடுங்க, நான் ஆட்டறேன்."

அவர் வெள்ளை மனசோடுதான் சொன்னார். ஆனால் மருத்துவச்சி சிரித்துவிட்டாள். சமையல்காரி சிரித்துவிட்டாள். அரசி தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. அந்த வீட்டு வழக்கம் வேறு ஒன்று உண்டு. தொட்டில் கட்டுவதும் ஆட்டுவதும் தாய்மாமன் பொறுப்பு. தகப்பன், மாமன் விரித்த பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். பன்னிரண்டு நாட்டு அரசர் அரை நாள் கோரைப் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினார்.

திரும்பியதிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. மந்திராலோசனையின் நடுவே வலக்கை தானாக முன்னும் பின்னும் போய்வரும். குழந்தை ஐந்தாம் மாதம்தான் தகப்பன் வீட்டுக்கு வரும்.

"போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன், அரசே" என்றான் சாத்தப்பன்.

"போனால் அந்தப் பாயில்தானே உட்கார வேண்டும்?" என்றார் அரசர்.

விலை படியாத இடத்தில் சரக்கை மூடி வைப்பது சாத்தப்பனுக்குத் தெரியும்.

குழந்தை பிறந்த நாற்பதாம் நாள் அரசர் ஊஞ்சல் மண்டபத்தில் அரசவையைக் கூட்டினார். பித்தளைச் சங்கிலியில் தொங்கும் அகலமான ஊஞ்சல் பலகைதான் அங்கே அவருக்கு ஆசனம். உட்கார்ந்ததும் சொன்னார்:

"நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். ஆனால் மேல்கரையில் இருக்கும் என் மகளின் தொட்டிலை என் கையால் ஆட்ட வேண்டும். வழி சொல்லுங்கள்."

சபையில் சிலர் இருமினார்கள். திருமேனியார் இருமவில்லை. பல வருஷமாகக் காத்திருந்த கொக்குக்கு மீன் தானே துள்ளிக் காலடியில் விழுந்த மாதிரி இருந்தது அவருக்கு.

"உத்தமமான எண்ணம், அரசே. இங்கிருந்து மேல்கரை வரை ஒரு கயிறு. அவ்வளவே. இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஒரு தொட்டிலை இங்கிருந்தே ஆட்ட முடியுமானால், ஒரு மடையை இங்கிருந்தே திறக்க முடியாதா? ஒரு சந்தையைக் கூட்ட முடியாதா? வரும் பௌர்ணமியன்று தங்கள் கை அசைந்து தொட்டில் ஆடிவிட்டால், பன்னிரண்டு நாட்டுச் சபைகளையும் கலைத்துவிடலாம். அவற்றுக்கு இனி வேலை இல்லை என்பது நிரூபணம் ஆகிவிடுமே!"

மகளின் முகம் கண்ணை மறைத்திருந்ததால் அரசர், "அப்படியே ஆகட்டும்" என்றார்.

"கயிறு கட்டும் பொறுப்பை விகடர் சாத்தப்பனிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன்" என்றார் திருமேனியார். "தொட்டில் ஆடாவிட்டால் அவர் நாட்டைவிட்டுப் போக வேண்டும்."

பொறியின் இரண்டு வாயையும் சபை பார்த்துக்கொண்டது. கயிறு பலித்தால் பன்னிரண்டு சபையும் போயிற்று. அதைச் செய்து கொடுத்தவன் என்று சந்தையில் சாத்தப்பன் முகத்தில் துப்புவார்கள். பலிக்காவிட்டால் சாத்தப்பன் போனான். சாத்தப்பன் இரண்டு வாயையும் தடவிப் பார்ப்பவன் போல் மோவாயைத் தடவினான்.

"ஒப்புக்கொள்கிறேன், அரசே. இரண்டே இரண்டு விண்ணப்பம். ஒன்று, தாங்கள் நாள் முழுதும் கயிற்றைக் கையில் பிடித்திருக்க முடியாது. கயிற்றின் தலைப்பைத் தாங்கள் வீற்றிருக்கும் இந்த ஊஞ்சல் பலகையில் கட்ட வேண்டும். வேண்டும்போது எட்டிப் பிடித்து இழுக்கலாம்."

"அதிகாரம் ஆசனத்திலிருந்து புறப்படுவதுதான் முறை" என்று திருமேனியார் தலையசைத்தார்.

"இரண்டு, ஐந்து காதத்துக்கு ஒரே கயிறு இழுபடாது. வழிநெடுக ஆட்களை நிறுத்த வேண்டும். ஒவ்வோர் ஆளும் ஒரு கையில் ஒரு கயிறு, மறு கையில் அடுத்த கயிறு பிடித்திருப்பான். அவர்களுக்கான கட்டளையை மந்திரி தம் கைப்படவே எழுதித் தர வேண்டும். நான் எழுதினால் வேடிக்கை என்று நினைத்துவிடுவார்கள்."

திருமேனியாருக்கு எழுதச் சொன்னால் போதும், இனிப்பு கிடைத்த மாதிரி. அந்த இடத்திலேயே எழுத்தாணியை வாங்கினார். கீழே இருப்பவன் கேள்வி கேட்கக் கூடாது என்பது அவருடைய ஆட்சிமுறையின் சாரம்; அதை அப்படியே இரண்டு வரியில் இறக்கினார்: "ஒரு கைக் கயிறு இழுபட்டால் மறு கைக் கயிற்றை இழு. இழுத்தது யார், எதற்கு என்று கேளாதே." முத்திரையும் வைத்தார்.

சாத்தப்பன் ஓலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினான்.

ஐந்து காதத்துக்கும் கயிறு திரிக்கப்பட்டது. நூற்றைம்பது பேர் வரிசையாக நின்றார்கள். அதில் பாதிப் பேர் திருமேனியாரின் சொந்தக்காரர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒத்திகை பார்த்த முதல் நாளே இரண்டாம் காதத்தில் ஓர் எருமை கயிற்றில் முதுகைத் தேய்த்துக்கொண்டது. அறுபது பேர் அந்த எருமையின் ஆணையைச் சிரமேற்கொண்டு இழுத்தார்கள். மூன்றாம் காதத்தில் ஒருவர் வேட்டி காயப்போட்டார். காற்றடித்தபோதெல்லாம் அந்த வேட்டியும் ராச்சியம் நடத்தியது. ஓலையில்தான் யார் என்று கேட்காதே என்று தெளிவாக எழுதியிருந்ததே.

கயிற்றின் மறு நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு சாத்தப்பன் மேல்கரைக்குப் போனான். உலகநம்பி முற்றத்தில் நின்றிருந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

"என்ன சாத்தப்பா, தோளிலே கயிறு? மாடு வாங்க வந்தியா?"

"தொட்டில்லே கட்டறதுக்கு, ஐயா."

"தொட்டிலுக்குத்தான் நான் கயிறு போட்டிருக்கேனே."

"அது உங்க கயிறு. இது தலைநகரத்துக் கயிறு."

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். கேட்கக் கேட்க உலகநம்பியின் முகம் இறங்கியது.

"அப்போ, தொட்டில் ஆடினா எங்க சபை போச்சு. ஆடாட்டி நீ போனே."

"அதேதான்."

"தப்பா நினைக்காதே சாத்தப்பா. உன்னைவிட எனக்குச் சபை பெரிசு. கயிறை அறுத்து எறிஞ்சிடவா?"

"என் முகத்தைப் பார்த்துக்கிட்டே கேக்கறீங்களே. கொஞ்சம் அந்தப் பக்கமாவது திரும்பிக்கிட்டுக் கேக்கக் கூடாதா?"

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அரசி பூங்கோதை வெளியே வந்தார். "கட்டட்டும் அண்ணா."

"உனக்கு விளங்குதா பூங்கோதை? பெரிய ஏரி நிறைஞ்சு தளும்பறப்போ மடையைத் திறக்கணும்னா அந்தத் திருமேனிகிட்டே ஓலை வாங்கணும். ஓலை வந்து சேர்றதுக்குள்ளே கரை உடைஞ்சு நாலு ஊர் போயிரும். தண்ணி காத்துக்கிட்டு நிக்குமா?"

"விளங்குது அண்ணா. ஆனா அவர் மடையை நினைச்சுக் கயிறு விடலே. மடை மந்திரியோட ஆசை. கயிறு மட்டும்தான் உங்க மாப்பிள்ளையோடது." குழந்தையின் தலையைத் தடவியபடி சொன்னார்: "அன்னிக்கு நீங்க கையிலேருந்து பிடுங்கினீங்களே, அந்தக் கயிறு."

உலகநம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் பிடுங்கலேம்மா. வாங்கினேன்" என்றார். அதை அவரே நம்பவில்லை.

சாத்தப்பன் கயிற்றைத் தொட்டில் சட்டத்தில் கட்டினான். கடைசி ஆள் முற்றத்தில் நின்றான். "ஐயா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். குழந்தை அழுதா ஆட்டுங்க. தூங்கினா விட்டுடுங்க. எப்பவும் செய்யற மாதிரி. இப்படி ஒரு கயிறு இருக்கறதையே மறந்துடுங்க."

"அவ்வளவுதானா? உன் தலை தப்ப வேற ஒண்ணும் வேண்டாமா?"

"மிச்சத்தை மந்திரியே எழுதிக் குடுத்திருக்கார்."

பௌர்ணமி வந்தது. உச்சிப் பொழுதில் ஊஞ்சல் மண்டபம் நிறைந்துவிட்டது. அரசர் புதுப் பட்டு உடுத்தி வந்தார். பலகையில் அன்று காலைதான் கட்டிய கயிற்றை இரண்டு கையாலும் எடுத்தார். முதல் இழுப்பு பலமாக விழுந்துவிட்டது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, அடுத்த இரண்டையும் பூப்பறிப்பது போல இழுத்தார். கூடவே தாலாட்டு ஒன்று பாடினார். அவருக்குத் தெரிந்த ஒரே தாளம் படை நடக்கும் தாளம். அந்தத் தாலாட்டைக் கேட்டு வாசல் காவலர்கள் இருவர் காலை மாற்றி வைத்து அணிவகுத்தார்கள். ஆனால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பாடிக்கொண்டிருந்தவரின் கண் அப்படி இருந்தது.

பாட்டு முடிந்தது. கயிறு போயிற்று. போய் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. குழந்தை விழித்திருந்ததா, அழுததா, சிரித்ததா? அரசர் கயிற்றின் நுனியை உற்று உற்றுப் பார்த்தார். நார்க்கயிறு நார்க்கயிறாகவே இருந்தது.

"குதிரை வீரன் செய்தி கொண்டு வருவான்" என்றார் திருமேனியார். "அதுவரை மோர் அருந்துங்கள்."

அரசர் ஊஞ்சலில் அமர்ந்து மோர்க் கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோனார். அப்போது ஊஞ்சல் முன்னால் போயிற்று.

யாரும் தொடவில்லை. தானாகப் போயிற்று. மோர் கிளம்பி எதிரே நின்ற திருமேனியாரின் பட்டு அங்கவஸ்திரத்தில் இறங்கியது. ஊஞ்சல் பின்னால் வந்தது. மறுபடி முன்னால் போயிற்று.

"யார் அது? யார் அரசரின் ஆசனத்தை ஆட்டுவது?" என்று திருமேனியார் வெளியே ஓடினார். மண்டப வாசலில் நின்ற முதல் கயிற்றாள் அவருடைய மைத்துனரின் மகன்தான். "டேய், நிறுத்துடா!"

"ஓலையிலே நிறுத்தணும்னு இல்லியே, மாமா" என்று இழுத்துக்கொண்டே சொன்னான் அவன். "அந்தக் கை இழுபட்டா இந்தக் கையை இழுன்னு இருக்கு."

"யாருடா இழுக்கிறது?"

"அதைத்தான் கேக்கப்படாதுன்னு எழுதியிருக்கீங்க."

உள்ளே அரசர் எழுந்திருக்கப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. ஊஞ்சலின் போக்கு அவருக்கு எதையோ சொல்லிற்று. இரண்டு நீளம், ஒரு சின்ன நிறுத்தம், மறுபடி இரண்டு நீளம். மேல்கரை வீட்டில் அரை நாள் பாயில் உட்கார்ந்து அவர் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம் அது. உலகநம்பியின் கை.

"அழுகிறாள்" என்றார் அரசர் மெதுவாக. "என் மகள் அழுகிறாள். இப்போது அவளை ஆட்டுகிறார்கள்."

கிண்ணத்தைக் கீழே வைத்தார். சங்கிலியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். ஐந்து காதத்துக்கு அப்பால் குழந்தைக்கு ஆடிய ஆட்டம் இங்கே தகப்பனுக்கும் ஆடியது. வாரக்கணக்கில் மூடாத கண் மெல்ல மூடியது. சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.

சபை திகைத்து நின்றது. எழுப்ப யாருக்குத் துணிவு? உட்காரவும் முடியாது, போகவும் முடியாது. சேனாதிபதி ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றார். மோர் காய்ந்து விறைத்த அங்கவஸ்திரத்தோடு திருமேனியார் நின்றார். சாத்தப்பன் மட்டும் தூணில் சாய்ந்து, வெயில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பொழுது சாயும் வேளையில் குதிரை வீரன் வந்தான். அவன் குதிரையின் கனைப்பில்தான் அரசர் விழித்தார். ஓலை அரசியிடமிருந்து. அரசர் வாங்கி, சபை இருப்பதையும் மறந்து, வாய்விட்டே படித்தார்:

"தங்கள் கயிறு வந்து சேர்ந்தது. குழந்தை அப்போதுதான் பாலருந்தித் தூங்கியிருந்தாள். முதல் இழுப்பில் விழித்து வீரிட்டாள். அண்ணன் கை ஓயும்வரை ஆட்டினார். தங்கள் கையில் குற்றம் இல்லை. அவள் தூங்குகிறாள் என்று தங்களுக்கு யார் சொல்வார்? முதல் இழுப்பு முரடாகவும் மற்ற இரண்டும் மென்மையாகவும் இருந்ததிலிருந்தே அது தங்கள் கை என்று அறிந்தேன். அழுகையின் நடுவிலும் மூன்றாம் இழுப்புக்கு அவள் கயிற்றின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கயிறு வந்த வழியே தாங்களும் வரலாம்."

அரசர் ஓலையை மடித்தார். அவர் பேசும் முன் திருமேனியார் பேசினார்.

"வெற்றி, அரசே! அரசியாரே எழுதிவிட்டார். தங்கள் கை அசைந்தது. அங்கே தொட்டில் ஆடியது. குழந்தை விழித்ததும் அழுததும் வேறு விஷயம். நிபந்தனைப்படி பன்னிரண்டு சபைகளையும் இன்றே கலைத்துவிடலாம்."

சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. மேல்கரை ஏரியின் மடையும் பதினொரு நாட்டு மடைகளும் அந்த ஒரு கணத்தில் அரசரின் நாக்கு நுனியில் தொங்கின.

"மந்திரியார் சொல்வது முழுக்க முழுக்கச் சரி" என்றான் சாத்தப்பன்.

திருமேனியாரே திரும்பிப் பார்த்தார்.

"கயிற்றை இழுத்து ஒன்றை ஆட்டியவர் அதை ஆளலாம். அதுதானே நிபந்தனையின் பொருள்? இங்கே கை அசைந்தது, அங்கே தொட்டில் ஆடியது. ஆகவே மேல்கரை நாடு மந்திரியாருடைய அறைக்கு வந்துவிட்டது. மறுக்க முடியாது. அதே கயிறு, அதே ஆட்கள், மந்திரியாரின் அதே ஓலை. அங்கே தொட்டில் அசைந்தது, இங்கே தங்கள் ஆசனம் ஆடியது. சபையே சாட்சி, மந்திரியாரின் அங்கவஸ்திரமும் சாட்சி. ஆகவே தலைநகரம் தொட்டிலுக்குப் போய்விட்டது. மேல்கரையை மந்திரி ஆள்வார். மந்திரியைத் தாங்கள் ஆள்வீர்கள். தங்களை அந்தக் கைக்குழந்தை ஆளும். ஆணை வேண்டுமானால் மந்திரியார் இன்றே மேல்கரை போய்க் காத்திருக்கலாம். அந்தச் சின்ன மகாராணியார் இன்னும் தலை நிற்காதவர். பால் குடித்து ஏப்பம் விட்ட பிறகுதான் ஓலை பார்ப்பார்."

அரசரின் மீசை முதலில் துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு ஊஞ்சலே குலுங்கும்படி சிரித்தார். சிரித்துக்கொண்டே திடீரென்று பலகையை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார்.

"ஐயோ, நான் ஆடினால் அவள் விழித்துவிடுவாள்!" என்று கயிற்றைத் தம் கையாலேயே அவிழ்த்தார். "திருமேனியாரே, சபைகள் இருக்கட்டும். கயிற்றைச் சுருட்டும் பொறுப்பு உங்களுடையது. ஐந்து காதம். முடிச்சு விழாமல் சுருட்ட வேண்டும். எதற்கு என்று கேட்க வேண்டாம்."

மறுநாள் காலையில் அரசர் மேல்கரைக்குக் கிளம்பினார். முரசு இல்லை, குடை இல்லை. சாத்தப்பன் மட்டும் கூட.

உலகநம்பி வாசலில் நின்றிருந்தார். உள்ளே கையைக் காட்டி, உதட்டில் விரலை வைத்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பாய் விரித்திருந்தது. அரசர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அந்தப் பாயில் உட்கார்ந்தார். உலகநம்பி எதிரே உட்கார்ந்தார். நடுவில் தொட்டில். அரசி கதவருகே நின்றார்.

"மச்சான்" என்றார் அரசர் கிசுகிசுப்பாக, "இனிமே இப்படி வாய்ப்பேச்சிலே விட்டா திருமேனி மாதிரி எவனாவது இன்னொரு கயிறு திரிப்பான். யாருக்கு எதுன்னு எழுதிடலாம்."

"எழுதலாம் மாப்பிள்ளே" என்று உலகநம்பியும் கிசுகிசுத்தார். பிறந்ததிலிருந்து அவர் அவ்வளவு தாழ்ந்த குரலில் பேசியதில்லை. "சபைக்கு ஆபத்துன்னு கேட்ட அன்னிக்கே மத்த பதினோரு நாட்டாரும், நான் என்ன பேசினாலும் சம்மதம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எனக்கு எதுவோ அதுதான் அவங்களுக்கும்."

சாத்தப்பன் ஓலையும் எழுத்தாணியுமாக இருவருக்கும் நடுவே, தொட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான். பன்னிரண்டு நாட்டின் ஆட்சி முழுதும் அன்று கிசுகிசுப்பிலேயே பேரம் ஆயிற்று.

"படை?" என்று தொடங்கினார் அரசர்.

"உங்களுக்கு. எங்களுக்கெதுக்கு, வீணா."

"மடை?"

"மாப்பிள்ளே, அதைக் கேட்டீங்கன்னா எழுந்து போயிடுவேன்."

"சரி, சரி, உங்களுக்கே. ஆனா ரெண்டு நாட்டுக்கு நடுவிலே ஓடற ஆறு? போன கோடையிலே நீங்களும் கீழ்நாட்டாரும் மண்வெட்டியோட நின்னீங்களே?"

உலகநம்பி தொட்டிலைப் பார்த்தார், ஓலையைப் பார்த்தார். "அது உங்களுக்கு. நடுவிலே ஒருத்தர் வேணும்தான்."

பஞ்சத்துக்கு நெல் சேர்த்து வைக்கும் களஞ்சியத்தில் வந்து பேச்சு சிக்கியது. பன்னிரண்டு நாட்டில் எங்கே பசித்தாலும் அனுப்ப அது தம் கையில் இருக்க வேண்டும் என்றார் அரசர். விளைவித்துக் கொட்டியவன் பசித்திருக்க நெல் வண்டியேறுவதைப் பார்க்க முடியாது என்றார் உலகநம்பி. "நீங்க அங்கேருந்து எப்படிப் பார்ப்பீங்க, எங்க ஊர்ப் பசியை?" "பக்கத்து நாட்டுப் பசியை நீங்க பார்ப்பீங்களா, மச்சான்?" இருவருக்கும் குரல் ஏறிவிட்டது.

குழந்தை அசைந்தது. உதடு பிதுங்கியது. அழப்போகிறது.

இருவரும் ஒரே சமயத்தில் எட்டித் தொட்டில் கயிற்றைப் பிடித்தார்கள். அரசரின் கை கீழே, உலகநம்பியின் கை மேலே. யாரும் விடவில்லை. யாரும் பிடுங்கவும் இல்லை. அரசரின் முரட்டுக் கையை உலகநம்பியின் கை மெல்ல இழுத்துப்போயிற்று. இரண்டு நீளம், ஒரு சின்ன நிறுத்தம். உதடு மடங்கியது. மூச்சு சீராயிற்று.

"களஞ்சியத்தை ரெண்டு பேர் பேரிலேயும் எழுது" என்றார் அரசர்.

"எழுது" என்றார் உலகநம்பி.

"தொட்டில்?" என்று கேட்டான் சாத்தப்பன். "அதை எந்தப் பக்கம் எழுதட்டும்?"

அரசர் அரசியைப் பார்த்தார். பிறகு உலகநம்பியைப் பார்த்தார். "மாமன் பக்கமே எழுது. ஆனா நான் வர்றப்போ பாயைக் கொஞ்சம் கிட்டக்கப் போடச் சொல்."

உலகநம்பி எழுந்தார். அரசர் உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்தைப் பிடித்து, அவரோடு சேர்த்தே, தொட்டிலுக்கு அருகே ஒரு முழம் இழுத்துவிட்டார். அரசர் விழாமல் இருக்கத் தரையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"சாத்தப்பா, உனக்கு என்ன வேண்டும்? கேள்."

"அந்தக் கயிறு, அரசே."

"கயிறா? எதற்கு?"

"ஐந்து காதம் இருக்கிறது. பன்னிரண்டு நாட்டிலும் கிணறு இருக்கிறது."

கொடுத்தார் அரசர். பின்னாளில் அவன் அதைக் கிணற்றளவுக்கு அறுத்து ஊர் ஊராக விற்றான். ஒரு முழம்கூட இனாமாகக் கொடுக்கவில்லை என்று கேள்வி. அது போகட்டும். அன்று ஓலையில் கடைசி வரியை எழுதும் முன் சாத்தப்பன் தலையைத் தூக்கினான்.

"ஒன்று விட்டுப்போயிற்று. குழந்தைக்குப் பெயர் வைப்பது யார்?"

"நான்" என்றார் அரசர்.

"நான்" என்றார் உலகநம்பி.

குழந்தையின் புருவம் நெளிந்தது. இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். சாத்தப்பன் சற்றுக் காத்திருந்து பார்த்தான். பிறகு ஓலையை முடித்து, வாய்க்குள்ளேயே படித்துச் சரிபார்த்தான்:

அரசருக்கு: படை, எல்லை, பெருவழி, நாணயம், நாடு தாண்டும் ஆறு. ஐந்து.

நாட்டாருக்கு: மடை, சந்தை, வரப்பு, விதைப்பு நாள், பள்ளி, திருவிழா, தொட்டில். ஏழு.

இருவருக்கும் பொது: பஞ்சக் களஞ்சியம். ஒன்று.

ஆகப் பேசியது பதினாலு. தீர்ந்தது பதின்மூன்று. பாக்கி ஒன்று, அது தூங்குகிறது.